நாலாவது ராசா

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

அன்புள்ள தம்பிக்கு,

பின்வளவு அக்காவின் மகள் வருகிற கிழமை ரொறன்ரோ வருகிறாள். அவளிடம் கொடுத்துவிடும் பார்சலில் புழுக்கொடியலும் மோர்மிளகாயும் இருக்கின்றன. மேலே இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ ஓமம்மா, ஓமம்மா என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ வட்சப்பில் போட்ட சீட்டாட்டப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். "மூன்று ராசா வைத்துக்கொண்டு தோற்றேன் அம்மா, என்னைப்போல அதிர்ஷ்டம் கெட்டவன் உண்டா" என்று கீழே எழுதியிருந்தாய். 300 டொலர். சூது என்று திட்டத்தான் முதலில் வாய் வந்தது. தருமரை நான் இழுக்கப் போவதில்லை, அதை மாமி ஏற்கெனவே இழுத்துவிட்டா. 31 வருஷம் கணக்குப் படிப்பித்தவளுக்கு வேறொன்று உறுத்தியது. அதிர்ஷ்டம் கெட்டது என்றாயே, அது.

போன முறை வந்தபோது கரண்ட் நின்ற இரவில் விறாந்தையில் இருந்து இந்த டெக்ஸஸ் ஹோல்டெம் போக்கரை எனக்குச் சொல்லித் தந்தாய். அதனால் படத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவுக்குத்தான் விளங்கவில்லை. "ராசாவுக்கு மூன்று புள்ளிதானே, அதை நம்பி ஏன் இவன் காசைக் கொட்டினான்?" என்று கேட்டார். அவருக்கு உலகத்தில் இருப்பது 304 என்கிற எங்கள் ஊர்ச் சீட்டாட்டம் மட்டும். ஜாக்குக்கு 30, 9-க்கு 20, ஆஸுக்கு 11, 10-க்குப் பத்து, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. இஸ்பேடு மாதிரி ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் கேட்டதில் பிழையில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். மேசையில் முதல் மூன்று தாள் ராசா, 9, ராசா. பிறகு 7. கடைசியில் 2. உன் கையில் ராசாவும் 4-உம். உன் நண்பன் கையில் ராசாவும் ராணியும். கைத்தாள் இரண்டும் மேசைத்தாள் ஐந்தும் சேர்ந்த ஏழில் எண்ணுவது சிறந்த ஐந்து தாளைத்தான். இரண்டு பேருக்கும் மூன்று ராசா. மிச்சம் இரண்டு தாளுக்கு அவனிடம் ராணியும் 9-உம். உனக்கு 9-உம் 7-உம். உன்னுடைய அந்த இரண்டுமே மேசையில் கிடந்தவை. கையில் பொத்தி வைத்திருந்த 4 கணக்குக்கே வரவில்லை. கிக்கர் என்று நீ சொல்லித் தந்த அந்தப் பக்கத்தாள், உனக்கு இல்லாமலே போய்விட்டது.

மேசைத் தாள் வாய்க்கால் தண்ணீர் மாதிரி, எல்லோருக்கும் பொது. இரண்டு ராசா விழுந்ததும் உனக்கென்று வந்ததாக நினைத்துவிட்டாய். கையில் ஒரே எண்ணில் இரண்டு தாள் இருந்து, மூன்றாவது மேசையில் விழுவது வேறு சங்கதி. செட் என்றாயே, அது. இரண்டு 7 கையில் இருந்தால் முதல் மூன்று தாளுக்குள் இன்னொரு 7 விழுவது ஏறத்தாழ எட்டரைக்கு ஒரு தரம். அப்போது பக்கத்தாள் சண்டையே வராது. உன் மூன்று ராசாவிலோ இரண்டு எல்லோருக்கும் சொந்தம். நாலாவதை யாரோ வைத்திருந்தால் சண்டை முழுக்கப் பக்கத்தாளில்தான்.

அந்த நாலாவது ராசா எங்கே என்று கலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று தாள் விழுந்த நேரத்தில் நீ கண்டது ஐந்து. காணாதது 47. உன்னைத் தவிர மேசையில் ஐந்து பேர், அவர்கள் கையில் பத்துத் தாள். ஆகவே யாரோ ஒருவரிடம் அது இருக்க 47-இல் 10 வாய்ப்பு, ஐந்தில் ஒன்று. இது பெரிய ஆபத்தில்லை. அந்த இடத்தில் நீ 35 டொலர் போட்டது சரிதான், நானும் போட்டிருப்பேன். ஆனால் ஐந்தில் ஒன்று என்பது ஒருவரும் வாய் திறக்காத வரைக்கும்தான். நாலு பேர் தாளைப் போட்டுவிட்டு விலகிவிட்டார்கள், ஒருவன் நின்றான். 7 விழுந்ததும் நீ 40 வைத்தாய், அவன் 90 ஆக்கினான். மேசையில் சோடி ராசா கிடக்க, உன்னை மிரட்டுகிறவன் எதை வைத்துக்கொண்டு மிரட்டுவான்?

அந்த இடத்திலும் நீ மிச்சம் 50-ஐக் கொடுத்துப் பார்த்ததைக் குறை சொல்லமாட்டேன். ஒரு எண்ணில் மூன்றும் இன்னொன்றில் சோடியும் சேர்ந்த புல் ஹவுஸோ, நாலு ராசாவோ ஆக 10 தாள் இருக்கிறது என்று எண்ணியிருப்பாய். எண்ணிக்கை சரி. ஆனால் அவனிடம் ராசா இருந்தால் நாலாவது ராசா உனக்கு வராது. 9 விழுந்தாலும் 7 விழுந்தாலும் அவனுக்கும் அதே புல் ஹவுஸ். உனக்கென்று தனியாக இருந்தது மிச்சம் மூன்று 4 மட்டும்.

பிறகு 2 விழுந்தது. அவன் 160 கேட்டான். இந்த இடத்தைத்தான் நான் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன், முதல் தரம் வந்த விடையை எனக்கே நம்பமுடியவில்லை. நாலாவது ராசா அவனிடம் என்று வை. அதற்குப் பக்கத்தில் இருக்கக்கூடிய தாள் 44. ஆஸ், ராணி, ஜாக், 10, 8 இவற்றில் ஒன்று என்றால் அவன் வெல்வான், அவை 20 தாள். 9, 7, 2 என்றால் அவனுக்குப் புல் ஹவுஸ், அவை 9 தாள். மிச்சம் 6, 5, 4, 3. அவை 15 தாள், அவற்றில் எது இருந்தாலும் இருவரும் சமம், காசு பாதிப் பாதி. நீ வெல்கிற தாள் எத்தனை தெரியுமா? ஒன்றும் இல்லை. 44-இல் பூச்சியம். ராசா வைத்திருக்கிற எவனையும் உன்னால் வெல்லவே முடியாது என்கிற இடத்தில் நின்றுகொண்டு, மூன்று ராசா இருக்கிறது என்று 160 டொலரை எடுத்து வைத்திருக்கிறாய்.

ராசா இல்லாமலே அவன் பொய்க்கு ஏற்றியிருந்தால் நீ வென்றிருப்பாய்தான். அவன் அப்படிப் பொய்க்கு ஏற்றுகிறவனா என்பது உனக்குத்தான் தெரியும். மூன்று வருஷமாய் அவனோடு விளையாடுகிறாய். படத்தில் அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. பாவம், வென்றுவிட்டு உன்னைவிடச் சங்கடப்படுகிறவன் மாதிரி இருக்கிறான்.

ஆனாலும் அந்த 160-ஐவிட எனக்கு உறுத்துவது முதலில் போட்ட 15. பெரிய பிளைண்டில், அதாவது தாள் பார்க்க முன்னமே கட்டாயமாகக் காசு வைக்கிற முறையில், இருந்து சும்மா தாள் பார்த்தவன் என்றால் பேச்சில்லை. நீ ஆசைப்பட்டுக் காசு கட்டி உள்ளே வந்திருக்கிறாய், ராசாவோடு ஒரு 4-ஐக் கூட்டிக்கொண்டு. ராசா விழாவிட்டால் அந்தக் கை ஒன்றுக்கும் உதவாது. விழுந்தால் என்ன நடக்கும் என்று இப்போது பார்த்துவிட்டாய். இதைவிட ஒன்றும் வராமல் 15-ஓடு எழும்பியிருக்கலாம்.

அப்பாவின் கதை உனக்குத் தெரியாது, நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவு என்று கூட்டத்தில் பங்குக்கு இவ்வளவுதான் விதைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இவர் எங்கள் பங்கோடு நிற்காமல் வாய்க்கால் கடைசியில் கிடந்த இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். மலிவு. முளைத்தபோது நல்ல பச்சை. கதிர் பொதிகிற குடலைப் பருவத்தில் தண்ணீர் அங்கே போய்ச் சேரவில்லை. விட்டிருந்தால் விதைநெல்லும் உழவுகூலியும் குத்தகையும் மட்டும்தான் போயிருக்கும். இவர் பம்பை வாடகைக்கு எடுத்து, டீசல் அடித்து, அந்த வறட்சியிலும் இன்னொரு தரம் யூரியா போட்டார். என் சங்கிலி ஒன்று அடகுக்குப் போனது. கடைசியில் அந்தப் பயிரில் மாடு கட்டி மேயவிட்டோம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "பச்சையாய் நின்றது, விட மனம் வரவில்லை" என்றார். இதை எழுதுகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை.

நேற்றுப் பார்சல் கட்டும்போது உன் 4-ஐப் பற்றி அவருக்கு விளக்கினேன். சிரித்தார். எங்கள் வீட்டில் அந்தத் தாள் எங்கே இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். 304-க்கு வேண்டியது 7-இலிருந்து மேலே 32 தாள். மிச்சம் 20-உம் கட்டு உடைத்த அன்றைக்கே மேசை லாச்சிக்குள் போய்விடும். நீயும் தங்கச்சியும் அதை எடுத்து வீடு கட்டி விளையாடுவீர்கள். 4 என்ற ஒரு தாள் ஆட்டத்துக்கே வராத வீட்டில் வளர்ந்தவன் நீ.

அப்பா எழும்பிப் போய் லாச்சியைத் திறந்தார். விளையாடுகிற 32-உம் விளிம்பு கறுத்து, முனை மடிந்து, வியர்வையில் ஊறிப்போய்க் கிடக்கின்றன. அந்த 20-உம் கடையில் வாங்கின மாதிரியே இருக்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டிக்கூட இருந்தன. நகத்தால் கீறிப் பிரித்து ஒரு 4-ஐ எடுத்து, புழுக்கொடியல் பைக்கும் மோர்மிளகாய்ப் பைக்கும் நடுவில் செருகினார். எந்தச் சாதி என்று நான் பார்க்கவில்லை. மோர்மிளகாயைப் பொரிக்கும்போது அங்கே ஜன்னலைத் திற, போன முறை நெருப்பு அலாரம் அடித்ததாய்ச் சொன்னாய்.

அம்மா