மாத்திரை கேட்காத சுகர்

கோத்தகிரி,
மார்கழி 12

அன்புத் தோழிக்கு,

நீ கடிதம் போட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இப்போதுதான் உட்கார்ந்து எழுதத் தெம்பு வந்திருக்கிறதடி.

மூன்று வருஷமாக எனக்கு டைப் 2 சுகர் என்று மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் விழுங்கினேன் இல்லையா? சோற்றைக் குறைத்தேன், களி தின்றேன், தினமும் நடந்தேன். மூன்று மாதச் சுகர் சராசரி (எச்பிஏ1சி) 11 சதவீதத்திலிருந்து இறங்கவே இல்லை. எடை மட்டும் 58-லிருந்து 46-க்கு இறங்கியது. ரவிக்கைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். இங்கே பார்த்த டாக்டர் போகும்போதெல்லாம், "தெரியாம ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்பார். ஒருநாள் இவர் அடுக்களையில் வர்க்கி டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அழுத அழுகை அம்மா போனபோதுகூட அழவில்லை.

ஐப்பசியில் கோவையில் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன் என் மணிக்கட்டைத்தான் பார்த்தார். எப்போதிலிருந்து இளைக்கிறது, வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா என்று கேட்டார். அம்மாவுக்கு இருந்ததைச் சொன்னேன். இரண்டே ரத்தப் பரிசோதனை: காட் ஆன்டிபாடி, சி-பெப்டைட். முதலாவது, இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே தாக்குகிறதா என்று காட்டுவது, பாசிட்டிவ். இரண்டாவது, இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டுவது, அடிமட்டம்.

இதற்கு லாடா என்று பேர். டைப் 1 இனம்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது. குழந்தைகளுக்குச் சட்டென்று நடப்பது பெரியவர்களுக்கு மெதுவாக நடப்பதால், முதலில் மாத்திரை கேட்பதுபோலத் தெரியுமாம். வற்றிய மடியைத்தான் இத்தனை நாள் கறந்துகொண்டிருந்திருக்கிறேன். என் வாய்க்கட்டில் குறை இல்லை என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டதே எனக்குப் பாதி மருந்து.

இப்போது நாளுக்கு நான்கு ஊசி. முதல் வாரம் காலை ஊசி போட்டுவிட்டுச் சரிவில் தேயிலை பறிக்க இறங்கினேன். கை நடுங்கி, கண் இருட்டி, பார்த்தால் 54. மேட்டில் ஏறி இறங்கினால் சுகர் இத்தனை சீக்கிரம் விழும் என்று தெரியவில்லை. 70-க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதனை. மடியில் சர்க்கரைப் பொட்டலம் இல்லாமல் இப்போது வாசலைத் தாண்டுவதில்லை.

இங்கே பனி வேறு. இன்சுலின் ஒருதடவை உறைந்தால் உருகின பிறகும் உதவாது. விடிகாலைக் குளிரில் சுகர் பார்க்கும் மிஷினும் ரீடிங் காட்ட மறுக்கிறது. கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றித்தான் பார்க்கிறேன். 1922-இல் டொரொண்டோவில் 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்களாம். ஒவ்வொரு ஊசிக்கும் அந்தப் பிள்ளை நினைவுக்கு வருகிறான்.

உன் தம்பியைப் பற்றி எழுதியிருந்தாயே, ஒல்லி உடம்பு, மாத்திரை கேட்கவில்லை என்று. அவனுக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு பரிசோதனையையும் டாக்டரிடம் கேட்கச் சொல்லு. தள்ளிப்போடாதே.

எடை 51 ஆகிவிட்டது. தைக்குக் கட்டாயம் வா. ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடித்தால் பயந்துவிடாதே. இவர்தான் எழுந்து, என்னை எழுப்பாமல், விரலைக் குத்திப் பார்ப்பார்.

உன் பிரியமுள்ள தோழி