இசைக் கல்லூரியைவிட முதலில் ஆசிரியரைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கத்திய இசையை முறையாகப் பயில விரும்புவோர் 1795-இல் தொடங்கப்பட்ட பாரிஸ் கன்சர்வேட்டரி, நியூயார்க்கின் ஜூலியார்ட் போன்ற புகழ்பெற்ற இசைக் கல்லூரிகளையே முதலில் நாடுகிறார்கள். ஆனால், ஒரு மாணவர் படிப்புக் காலம் முழுவதும் வாரந்தோறும் தனியே அமர்ந்து கற்கப்போவது பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியரிடம்தான் என்பதால், அவர் யார், அவருடைய வகுப்பில் அவ்வாண்டு எத்தனை இடங்கள் காலியாகின்றன, முன்கூட்டியே அவரிடம் ஒரு பாடம் கேட்டுப் பார்க்க இயலுமா என்பவற்றை விசாரிப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

பல நிறுவனங்களில், காணொளிப் பதிவை அனுப்பி முதற்கட்டத்தைக் கடந்தவர்களே நேரடித் தேர்வுக்கு அழைக்கப்படுகிறார்கள். அங்கே நடுவர்கள் பாதியிலேயே வாசிப்பை நிறுத்தச் சொல்வது வழக்கமே; அதைத் தோல்வி என்றெண்ணிப் பிள்ளைகள் கலங்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வசப்படாத கடினமான படைப்பைவிட, முழுமையாகக் கைவந்த எளிய படைப்பே அங்கு நன்மை தரும். சுரங்களைக் கேட்டே இனங்காணும் செவிப்பயிற்சியையும், இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் பழக்கத்தையும் (பலர் இவற்றைக் கடைசி மாதத்துக்கு ஒத்திவைக்கிறார்கள்) சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி 1928 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. வேறு பல இடங்களிலும் உதவித்தொகை உண்டு. ஆகவே, வசதியில்லை என்பதற்காக எவரும் விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடலாகாது.

இப்படிக்கு,
ஓர் இசை ஆசிரியர்