நிலவனப்பு விதியில் மண்ணின் மரங்களுக்கு இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கின் பல பகுதிகளில் நான்கு நாள்கள் விநியோகம் நிறுத்தப்பட்டபோது, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வளாகத்தின் முதியவர்களும் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அதன்பின் நடந்த குடியிருப்பாளர் கூட்டத்தில், நாள்தோறும் குழாய் நீரால் நனைக்கப்படும் வாயிலோரப் புல்தரையை எடுத்துவிட்டு, நீர் அதிகம் கேட்காத உள்நாட்டுச் செடிகளை நடலாமா என்று கேட்டேன். வளாகத்தில் எங்கே என்ன நட வேண்டும் என்று காட்டும், ஒப்புதல் பெற்ற நிலவனப்பு வரைபடத்தை மாற்றுவதென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று கூறி நிர்வாகத்தினர் மறுத்துவிட்டனர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விதி தெளிவாக இருந்தால் அவர்களும் தயங்கியிருக்க மாட்டார்கள்.

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 80 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கிறது. நிற்கும் மரத்தைக் காக்கும் நல்ல விதி அது. இனி நடப்போகும் செடிகளில் இம்மண்ணுக்குரியவை எவ்வளவு இருக்க வேண்டும், அவற்றுக்கு எந்த நீரைப் பாய்ச்ச வேண்டும் என்பதையும் கட்டடம் எழுப்பத் தரும் மேம்பாட்டு அனுமதியின் நிபந்தனையாகவே மாநகர் மன்றம் எழுதி வைக்க வேண்டும். பாக்கு மரத்தால் பெயர் பெற்ற தீவு இது; ஜெலுத்தோங், கெலுகோர் ஆகிய ஊர்ப்பெயர்களும் மரப்பெயர்களே.

ஆனால் உள்நாட்டுச் செடி என்பதாலேயே அது நீரைச் சிக்கனப்படுத்திவிடாது. மலைக்காட்டின் நிழலில் வளரும் பெரணியை வெயில் காயும் கார் நிறுத்துமிடத்தில் வைத்தால், அது புல்லைவிட அதிக நீர் கேட்டு, கடைசியில் கருகியும் போகும். கடலோர மணலிலும் உப்புக் காற்றிலும் தழைக்கும் புன்னை, நாட்டு வாதுமை போன்றவையே நகரத்து வெப்பத்துக்கு ஏற்றவை. அவற்றின் கன்றுகளுக்கும் வேர் பிடிக்கும்வரை முறையாக நீர் விட வேண்டும். ஆகவே இடத்தின் வெயில், மண், வேர் பரவும் அளவு ஆகியவற்றைக் கொண்டு பிரிக்கப்பட்ட செடிப்பட்டியல் ஒன்றை மன்றம் வெளியிடுவது அவசியம்.

பினாங்கில் அணைகள் இருந்தும், அண்டை மாநிலமான கெடாவுடன் பகிர்ந்துகொள்ளும் மூடா ஆற்றையே நாம் பெரிதும் நம்பியிருக்கிறோம். அந்நீரைச் சுத்திகரித்துக் குளோரின் கலந்து புல்லுக்கு ஊற்றுவதற்குப் பதிலாக, கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துப் பாய்ச்சலாம். ஏடிஸ் கொசு பெருகாதபடி மூடியும் வலையும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

புதிய கட்டடங்களுக்கு மட்டும் விதி செய்தால் எங்களைப் போன்ற பழைய வளாகங்கள் அப்படியே நின்றுவிடும். மரம் எதையும் வெட்டாமல், புல்லையும் பாத்திச் செடிகளையும் மட்டும் மாற்றுவோருக்கு, ஒரு பக்கப் படிவத்தில் கட்டணமின்றி அனுமதி வழங்குமாறு மாநகர் மன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு