செத்தல் மிளகாய்க்குக் குளிர்களஞ்சியம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தம்புள்ளையில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட, 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுடைய வெப்பநிலை கட்டுப்பாட்டுக் களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட பின்னர், இனி வாசனைப் பயிர்ச் செய்கையாளரின் துன்பம் தீர்ந்தது என்ற தொனியில் பலர் பேசுகிறார்கள். புறக்கோட்டையில் நீண்டகாலமாகச் செத்தல் மிளகாயும் மஞ்சளும் மொத்தமாக விற்றுவரும் எனக்கு அந்த நம்பிக்கை அரைவாசிதான் உண்டு.

எல்லா வாசனைப் பயிருக்கும் குளிர் தேவையில்லை. மிளகையும் கராம்பையும் நன்றாக உலர்த்தி ஈரம் ஏறாத இடத்தில் வைத்தாலே போதும். செத்தல் மிளகாய் அப்படியல்ல. கொழும்பின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் சில மாதங்களிலேயே அதன் சிவப்பு மங்கிவிடும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடித்து அஃபிளடொக்சின் என்ற நச்சும் சேரும். நாம் வாங்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதியை அனுப்பும் இந்தியாவில், குண்டூர்ச் சந்தையைச் சுற்றியுள்ள குளிர்களஞ்சியங்களில் விற்காத மூட்டைகளை அடுக்கி, விலை பார்த்து ஆண்டு முழுவதும் வெளியே விடுகிறார்கள். அத்தனை களஞ்சியங்கள் இருந்தும் 2025 தொடக்கத்தில் அங்கே விலை சரிந்து, குவிண்டாலுக்கு (100 கிலோவுக்கு) 11,781 இந்திய ரூபாய் என்று, செய்கையாளரின் நட்டத்தைக் குறைக்கும் தலையீட்டு விலையை மத்திய அரசு அறிவிக்க வேண்டிவந்தது.

இங்கே சிக்கல் இன்னும் ஆழமானது. ஏறக்குறைய நான்கு கிலோ பழம் உலர்ந்தால்தான் ஒரு கிலோ செத்தல் கிடைக்கும் என்பதால், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அநுராதபுரத்திலும் செய்கையாளர் பச்சையாகவே விற்றுக் கைகழுவுகிறார். உலர்த்திக் களஞ்சியத்தில் வைக்கத் துணிபவருக்கோ, விலை எங்கே நிற்கும் என்பது விளைச்சலைவிட வர்த்தமானியைப் பொறுத்தது. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் இறக்குமதி அறவீடு, அதாவது வரி, ஓர் இரவில் மாறலாம். மாறினால், முதல்நாள் இலாபமாகத் தெரிந்த இருப்பு மறுநாள் நட்டமாகிவிடும். இறக்குமதியில் பிழைக்கும் வியாபாரி இதைச் சொல்வதா என்று சிலர் கேட்கக்கூடும். திடீர் மாற்றத்தில் எங்களுக்கும் அடிவிழும். ஆனால் எங்களிடம் பல சரக்குகள் இருக்கின்றன, தோட்டக்காரரிடம் இருப்பது ஒன்றே. 2020 இல் மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது விலை வானளாவ ஏறியதையும், கடல்வழியே கடத்தல் மூட்டைகள் வந்ததையும், அந்த விலையை நம்பிப் பயிரிட்ட பலர் பின்னர் உரிய விலையின்றித் தவித்ததையும் மறந்துவிட முடியாது.

களஞ்சியம் நடத்துவோரின் நிலையும் இதுதான். குளிரூட்டும் இயந்திரத்தை இரவும் பகலும் நிறுத்த முடியாது. மின்கட்டணமோ 2023 பெப்ரவரியில் சராசரியாக 66 வீதம் ஏறி, 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கி, ஜூனில் மீண்டும் 15 வீதம் ஏறியது. இதை வைத்து ஒரு மூட்டைக்கு ஓராண்டு வாடகையை எவரால் முன்கூட்டியே சொல்ல முடியும்?

ஆகவே நிதியமைச்சு, பெரும்போகத்துக்கு நாற்றுமேடை போடும் முன்னரே செத்தல் மிளகாய்க்கான அறவீட்டை அறிவித்து, அந்த அறுவடை விற்றுத் தீரும்வரை அதை மாற்றாதிருக்க வேண்டும். விளைபொருளை வைக்கும் குளிர்களஞ்சியங்களுக்கு ஓராண்டுக்கு மாறாத தனி மின்கட்டணம் வேண்டும். தம்புள்ளையில் மிளகாய்க்கு எவ்வளவு இடம், மூட்டைக்கு மாத வாடகை எவ்வளவு என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பொருளாதார மத்திய நிலையங்களில் ஒட்டுவதை அடுத்த போகத்துக்கு முன்னரே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
மொத்த வியாபாரி ஒருவர்,
கொழும்பு 11