அடுத்த பேட்சுக்கு எந்தக் கூளம்?
பல்லடம் பக்கம் மழை தொடங்கிவிட்டது. கோழிக்குஞ்சு இறக்கப்போகிறவர்கள் கூளத்தை (கொட்டகைத் தரையில் பரப்பும் படுக்கை) இப்போதே பார்த்து வாங்கி வையுங்கள். தென்னை நார்த்தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் வரும்போதே ஈரமாக வந்தால் வேலைக்கு ஆகாது. வெயிலில் நன்றாகக் காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். நெல் உமி அவ்வளவு உறிஞ்சாது, ஆனால் கட்டிதட்டுவது குறைவு. என் ஓட்டு உமிக்குத்தான். கடலைத் தோலில் பூஞ்சணம் வாடை அடித்தால் விலை குறைவு என்று ஏமாறாதீர்கள், குஞ்சுக்கு நுரையீரல் நோய் வரும். மரத்தூள் போட்டால் முதல் சில நாள் மேலே செய்தித்தாள் விரியுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு கொத்தித் தின்னும்.

2 முதல் 3 அங்குல உயரம் போதும். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள்: உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், உடனே கிளறிவிடுங்கள். அப்புறம், நிப்பிள் (கோழி தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) ஒழுகுகிறதா என்றும் பாருங்கள்.