எரிவாயு வருமுன் சட்டம் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார் கடலில் எரிவாயு இருப்பது 2011இல் உறுதியானது. அன்றிலிருந்து இலங்கைக்குப் பணக்கஷ்டம் வரும்போதெல்லாம், அதை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதைக் கேட்டால் பயமாக இருக்கிறது.

மண்ணிலிருந்து வரும் பணம் ஆட்சியை என்ன செய்யும் என்பதை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். 1948இல் தோட்டத் தொழிலாளரான எங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமை போனது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. அதே காலத்தில்தான் தேயிலை, றப்பர், தெங்கு ஏற்றுமதி வரி அரசின் பெட்டியை நிரப்பியது. வரி துறைமுகத்திலேயே கைக்கு வந்துவிடும்போது, கொழுந்து பறிக்கிறவளின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை எந்த அமைச்சருக்கு இருந்தது?

வாக்கு திரும்பக் கிடைத்த பிறகாவது கேட்க முடிந்ததா? ஊர் நிர்வாகத்தைக் கவனிக்கும் பிரதேச சபைகளுக்கான சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் பாதை மழையில் கரைந்துவிட்டதென்று போனால், நாங்கள் வாக்குப் போட்ட உறுப்பினரே கையை விரிப்பார். “தோட்ட ரோடு, துரையிடம் கேளுங்கள்” என்பார். தோட்ட முகாமையாளரான அந்தத் துரையோ சபையைக் காட்டுவார். பிரசவ வலியில் துடித்த பெண்களைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில்தான் இறங்கினோம்.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினியில் 1990களில் எண்ணெய்ப் பணம் கொட்டியது. 1979இல் ஆட்சியைப் பிடித்தவரே இன்றும் அங்கே ஜனாதிபதி. மக்களோ பெரும்பாலும் ஏழைகள். மாறாக, நோர்வே 1969இல் எண்ணெயைக் கண்டபோது, அங்கே நீதிமன்றமும் வரித் திணைக்களமும் கேள்வி கேட்கும் பாராளுமன்றமும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. எண்ணெய் வருமானத்தைச் சேமித்து வைக்கும் நிதியத்துக்கான சட்டம் 1990இல் வந்தது, அதில் முதல் பணம் விழுந்தது 1996இல்தான். பொட்ஸ்வானாவும் வைரத்தை வைத்துக்கொண்டு ஓரளவு ஒழுங்காகவே நடந்திருக்கிறது. ஆகவே வளமே சாபம் என்று நான் சொல்லவரவில்லை. கணக்குக் கேட்க ஆளில்லாத இடத்தில்தான் அது ஆட்சியைக் கெடுக்கிறது.

எனவே எரிவாயு ஒப்பந்தம் எதுவானாலும், கையெழுத்தாகும் முன் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியிடப்பட வேண்டும். வருமானம் தனிக் கணக்கில் சேர்ந்து, வருடாவருடம் பாராளுமன்றத்துக்கு அறிக்கை வர வேண்டும். மன்னார் மீனவர்களின் ஊர்ச் சபைகளுக்கு அதில் ஒரு பங்கைச் சட்டமே எழுதிவைக்க வேண்டும். இதை இப்போதே, எரிவாயு கடலுக்கடியில் இருக்கும்போதே செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தலவாக்கலை.