அட்லர்ஸ்ஹோஃபில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. "முப்பது வயதாகிறது, இன்னும் ஆய்வேடே முடியவில்லை. இதை விட்டுவிட்டு வேறு பக்கம் போனால் இத்தனை வருஷமும் வீண்தானே அம்மா?" என்றாய். உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெர்லினில் நீ தினமும் போய்வருகிற அட்லர்ஸ்ஹோஃபில்தான், பின்னாளில் ஜெர்மனியின் பிரதமரான அங்கேலா மெர்க்கெல் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தார். லைப்சிக்கில் இயற்பியல் முடித்ததும் வேறொரு ஊரில் வேலை கேட்டுப் போனார். அங்கே உளவுத்துறைக்குத் தகவல் சொல்லச் சொன்னார்கள். தனக்கு ஓட்டை வாய், ரகசியம் தங்காது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகுதான் 1978-ல் கிழக்கு ஜெர்மனியின் அறிவியல் அகாதமி. மூலக்கூறில் பிணைப்பு அறுந்து சிதைகிற வேகத்தைக் குவாண்டம் வேதியியலால் கணக்கிடுவது அவர் ஆய்வு. பட்டம் வந்தது 1986-ல், அவரும் முப்பதைத் தாண்டிய பிறகு. நடுவில் முதல் கல்யாணமும் முறிந்துவிட்டது.

வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது தினமும் பெர்லின் சுவர் எதிரே வரும். கிட்டத்தில் போய், கடைசி நிமிஷத்தில் திரும்பித் தன் வீட்டுப் பக்கம் போக வேண்டும். 2019-ல் ஹார்வர்டில் மாணவர்களிடம் அவரே இதைச் சொன்னார். அதைக் கேட்ட அன்று நான் சமையலை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எத்தனை சாயங்காலம் அப்படித் திரும்பியிருப்பார்!

அவருடைய அம்மா ஹெர்லிண்டும் என்னைப் போல டீச்சர்தான். லத்தீனும் ஆங்கிலமும் கற்பிக்கத் தெரிந்தவர். பாதிரியார் மனைவி என்பதால் அந்த நாட்டுப் பள்ளிகளில் அவரை வகுப்பெடுக்க விடவில்லை. சுவர் என்றைக்காவது விழுந்தால் மேற்கு பெர்லினில் கெம்பின்ஸ்கி ஹோட்டலுக்குப் போய்ச் சிப்பி சாப்பிடுவோம் என்று அம்மாவும் பெண்ணும் வீட்டில் சொல்லிக்கொள்வார்களாம். 1989 நவம்பர் 9, வியாழக்கிழமை. சுவர் திறக்கிறது என்ற செய்தி வந்ததும் மெர்க்கெல் அம்மாவுக்குத்தான் போன் போட்டார். பிறகு வழக்கமான சவுனா என்ற வெப்பக் குளியலுக்குப் போய்விட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போர்ன்ஹோல்மர் தெரு பாலத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் போனார். மறுநாள் காலையில் வேலை இருக்கிறதென்று சீக்கிரமே திரும்பியும்விட்டார்! அப்போது அவருக்கு 35 வயது.

அந்த டிசம்பரில் புதிதாக முளைத்த ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்தார். அது பிறகு பிரதமர் ஹெல்முட் கோலின் கட்சியோடு இணைந்தது. 1991 ஜனவரியில் மத்திய அமைச்சர். கோல் அவரை 'என் பெண்' என்று சொல்லிக்கொண்டது எனக்குப் பிடிக்கவே இல்லை. நன்கொடை ஊழலில் கோல் சிக்கியபோது, அவரைத் தாண்டிக் கட்சி நடக்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதியதும் அதே பெண்தான். 2005 நவம்பர் 22 முதல் பதினாறு வருஷம் நாட்டை நடத்தினார். ஜெர்மனியின் முதல் பெண் பிரதமர். அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ரஷ்ய எரிவாயுவை அவ்வளவு நம்பியிருக்கக் கூடாது.

ஆனால் கொரோனா பரவிய 2020 ஏப்ரலை நினைத்துப் பார். ஒரு நோயாளி சராசரியாக 1.1 பேருக்குத் தொற்றைக் கொடுத்தால் அக்டோபரில் மருத்துவமனைகள் தாங்காது, 1.2 என்றால் ஜூலையில், 1.3 என்றால் ஜூனிலேயே. நிருபர்களுக்கு முன்னால் நிதானமாக, கரும்பலகைப் பக்கம் நிற்கிற டீச்சர் மாதிரி சொன்னார். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரே ஒரு எண் கூடினால் என்ன ஆகும் என்று சாதாரண ஜனத்துக்குப் புரியவைக்க, மூலக்கூறு சிதைகிற வேகத்தைச் சொல்லும் எண்களோடு மல்லுக்கட்டிய அந்தப் பன்னிரண்டு வருஷமும் கை கொடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். வீணாகப் போனது எது, சொல்லு?

நீ ஆராய்ச்சியிலேயே இருந்தாலும் சரி, வேறு பக்கம் போனாலும் சரி, அம்மாவுக்குச் சம்மதம். வீண் என்ற வார்த்தையை மட்டும் இனி என்னிடம் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாலத்துக்கு ஒரு நடை போய்விட்டு வா. குளிர் ஏறியிருக்கும், காதை மூடிக்கொள். நடுப்பாலத்தில் நின்று எனக்கு போன் போடு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா